இருபத்திரண்டு வெள்ளை மாத்திரைகள்

அத்தியாயம் 9

நாத்தனாரின் கிட்னியைப் பட்டினி போட்டுக் கொல்வதென்று இக்ராம் முடிவெடுத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கிட்னி இருந்தது அவள் கணவன் ராகிபின் வயிற்றுக்குள். அதுதான் சங்கடம்.

மூன்று வருடங்களுக்கு முன் ராகிபின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, அவனுடைய அக்காள் அதிய்யாத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தது உண்மை. கொடுத்த பிறகு அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை என்பதும் உண்மை. தம்பி வீட்டுக் கதவைத் தட்டும்போதெல்லாம் "என் கிட்னி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் கிட்னிக்கு உப்பு ஆகாது. என் கிட்னிக்கு மாடிப்படி ஆகாது. என் கிட்னிக்கு உன் பொண்டாட்டி சமைக்கிற வாத்து ஆகாது.

இதையெல்லாம்கூட இக்ராம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஷம்முன்னஸீம் என்கிற வசந்தத் திருநாள் அன்றைக்கு.

இரண்டு மாதம் முன்பு ராகிபின் மேலண்ணத்தில் ஒரு புள்ளி வந்தது. கத்தரிக்காய்த் தோலின் நிறம், ஒரு மொச்சைக் கொட்டை அளவு. இஸ்பத்துல் புர்ஜ் படகுத்துறையில் மீன் ஏலம் கூவுகிறவன் அவன். கூவினால் ஆற்றுமுகத்துக்கு அக்கரையில் ராஸுல்பர் வரை கேட்கும். இப்போது குரலை உயர்த்தினாலே அந்தப் புள்ளியில் ரத்தம் கசிந்தது. மன்ஸூரா ஆஸ்பத்திரியில் துளியூண்டு சதை கிள்ளிப் பார்த்துவிட்டு 'கபோசி' என்ற புற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் எப்படியோ துறையில் நாலு பேர் கைக்குப் போயிற்று. எவனோ கைப்பேசியில் தேடிவிட்டு, அது எய்ட்ஸ்காரனுக்கு வருவது என்றான். மறுநாளே ஏலம் கூவ வேறு ஆள் நின்றான்.

வசந்தத் திருநாளில் ஊரே ஆற்றங்கரையில் பாய் விரித்து உப்புமீன் தின்று கொண்டிருந்தபோது, அதிய்யாத் தம்பியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு, பத்துப் பதினைந்து பெண்கள் கேட்கச் சொன்னாள்: "நான் குடுத்தது சுத்தமான சாமான். வாயில வந்த அழுக்கு வேற எங்கயிருந்தோ வந்தது. அவன் யார் வாயோட வாய் வச்சானோ, அவளைப் போய்க் கேளுங்க."

எல்லோரும் இக்ராமைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே இக்ராம் தொடங்கினாள். இந்த நோய் அதிய்யாத்தின் கிட்னியோடுதான் வந்திருக்கிறது, வேறு வழியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கிட்னியை உடம்பு உதைத்துத் தள்ளாமல் இருக்கத்தான் அந்த வெள்ளை மாத்திரை. காலை ஒன்று, மாலை ஒன்று. மாலை மாத்திரையைத் தினமும் எடுத்து ஒரு பழைய தேயிலை டப்பாவில் போட்டாள். உதைத்துத் தள்ளட்டும். வாரம் மூன்று நாள் அவன் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, அந்தப் பொம்பளையின் துண்டு இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

இன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் வரச் சொன்ன நாள். அதிய்யாத்தின் ரத்தத்தில் இந்த நோயைக் கொண்டுவரும் கிருமி இருந்ததா என்று தெரியப்போகும் நாள்.

தேயிலை டப்பா இக்ராமின் கைப்பையில் இருந்தது. காகிதம் கைக்கு வந்ததும், திரும்பி வரும் வழியில் தம்யாத் பாலத்தின் மேல் வைத்து மாத்திரைகளை ஆற்றில் கொட்டிவிட வேண்டும். அப்புறம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தயாராகச் சாய்த்து வைத்திருக்கும் அலுமினியப் பேசினை எடுத்துக்கொண்டு நேராக அதிய்யாத்தின் சந்துக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பழிதீர்ப்பது அப்படித்தான். வாசலில் நின்று, பேசினைத் தட்டி, ராகம் போட்டு, மூன்று தலைமுறையைக் கிழித்துத் தொங்கவிடுவது. இக்ராமின் தாய்வீட்டுப் பெண்கள் அதில் பேர் போனவர்கள். மூன்று வாரமாக மொட்டை மாடியில் வாத்துகளுக்குத் தவிடு பிசையும்போதெல்லாம் அவள் வரி கட்டிப் பழகியிருந்தாள். வாத்துகளுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்.

கதவு தட்டப்பட்டது.

"என் கிட்னி எப்படி இருக்கு?"

"எழுந்து டீ குடிச்சிட்டு இருக்கு, அப்லா" என்றாள் இக்ராம், அக்காவுக்குரிய மரியாதைச் சொல்லில். "உள்ள வாங்க. உங்க சாமானை நீங்களே பாத்துக்கங்க."

அதிய்யாத் உள்ளே வந்தாள். ஐம்பத்தாறு வயது, அகன்ற உடம்பு, கறுப்பு அபாயா. தம்பியின் கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் பார்த்தாள். "குழி விழுதே. தண்ணி குறைச்சியா? இவ என்ன குடுக்கிறா உனக்கு?"

"விஷம்" என்றான் ராகிப், டீயை உறிஞ்சிக்கொண்டே. "சர்க்கரை கம்மியா."

இக்ராமின் கை ஒரு கணம் நின்றது. அவன் சும்மா சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான்.

* * *

மன்ஸூராவுக்கு மைக்ரோபஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதிய்யாத் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி ஒரு பக்கம், அவன் மனைவி மறுபக்கம். வழி நெடுக, தான் அறுவைக்குப் போன நாளின் கதையைப் பின்சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் மாஜிதா ஒல்லியானவர். பேச்சில் நயம் கிடையாது. ராகிபை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்தார். பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"போன தடவை எடுத்த போட்டோ எங்க?"

நர்ஸ் கொடுத்தாள். டாக்டர் போட்டோவையும் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஹாஜ் ராகிப், நான் இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கல. ஆனா புள்ளி வெளிறியிருக்கு. தட்டையாயிருக்கு. ஓரமெல்லாம் சுருங்கியிருக்கு."

"என்னோட துஆ!" என்றாள் அதிய்யாத். "நாப்பது நாளா விடியத்தொழுகைக்குப் பிறகு கையேந்திக்கிட்டு இருக்கேன்."

இக்ராமுக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்னியைக் கொல்லத்தானே மாத்திரையை நிறுத்தினாள். வாயில் இருப்பது ஏன் வாடுகிறது? அப்படியென்றால் தான் நினைத்தது சரிதான். நோயின் வேர் அந்தக் கிட்னியில்தான்.

"டாக்டரம்மா, அந்த ரத்தப் பரிசோதனை என்ன சொல்லுது?" என்றாள். குரலில் அவசரம் தெரிந்தது. "கிருமி யார்கிட்டயிருந்து வந்துச்சு?"

டாக்டர் கோப்பைத் திறந்தார்.

"முதல்ல ஒண்ணு. இது எய்ட்ஸ் இல்ல. அந்தக் கிருமி இவர் உடம்புல இல்ல. துறையில யாராவது சொன்னா இந்தக் காகிதத்தை மூஞ்சியில காட்டுங்க. இது வேற கிருமி. ஹெர்பெஸ் குடும்பத்துல எட்டாவது. நம்ம கடலைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல எத்தனையோ பேர் உடம்புல இது சத்தமில்லாமத் தூங்குது. சாகிற வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. உடம்போட காவல் முழிச்சிருக்கிற வரை அது எந்திரிக்காது."

"அப்ப இவருக்கு ஏன் எந்திரிச்சது?"

"நாமதானே காவல்காரனைத் தூங்க வச்சோம்? கிட்னியை வெளியாள்னு நினைச்சு அவன் அடிச்சிடக் கூடாதுன்னு. அந்த வெள்ளை மாத்திரை வேலையே அதுதான். காவல் தூங்கின நேரம் பார்த்துக் கிருமி எந்திரிச்சு ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுத்து வளர்க்குது. அதான் அந்த ஊதா நிறம். சிலருக்குக் கால்ல வரும். இவருக்கு வாயில. அபூர்வம், ஆனா நடக்கும்."

"அது சரி" என்றாள் இக்ராம். "யார்கிட்டயிருந்து?"

டாக்டர் காகிதத்தைத் திருப்பினார். "கிட்னி குடுத்தவங்க ரத்தத்துல கிருமி இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

அதிய்யாத் மெல்லத் திரும்பி, நாத்தனாருக்கே உரிய ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இக்ராம் பேசினை எடுத்து மண்டையில் போட்டிருப்பாள், கையில் இருந்திருந்தால்.

"இவரோட ரத்தத்துல மட்டும் ஆபரேஷனுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

"பொண்டாட்டிகிட்டயிருந்து" என்றாள் அதிய்யாத்.

"சொல்ல முடியாதும்மா. எச்சில் வழியா வர்றது. பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துடும். ஒரே கோப்பை, ஒரே கரண்டி. தாய் மென்னு ஊட்டின ரொட்டியா இருக்கலாம். பேர் கேட்காதீங்க. பேர் இல்ல."

"எங்கம்மா அப்படித்தான் ஊட்டுவா" என்றான் ராகிப். "ஏழு பிள்ளைக்கும்."

இக்ராம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்து இருபது வருடம் ஆன மாமியாரின் வாசலில் போய்ப் பேசின் தட்ட முடியுமா? மூன்று வாரமாகக் கூர்தீட்டி வைத்தது அப்படியே கையில் நின்றது, குத்த ஓர் உடம்பு இல்லாமல்.

டாக்டர் விடவில்லை.

"எனக்கு வேற கேள்வி இருக்கு. புள்ளி வெளிறியிருக்கு. அதே சமயம் கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி கொஞ்சம் முனகுது. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணுதான் அர்த்தம், வெள்ளை மாத்திரை குறைஞ்சிருக்கு. வீட்டுல ஏதாவது விட்டுப்போகுதா?"

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. பின்னாளில் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் இக்ராமுக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

"விட்டுப்போகவே போகாது" என்றாள் அதிய்யாத். "இவ மேல எனக்கு ஆயிரம் குறை உண்டு டாக்டரம்மா, ஆனா மாத்திரை விஷயத்துல இல்ல. தன் கையாலயே குடுப்பா. என்னையே டப்பாவைத் தொட விடமாட்டா. அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் தம்பி மனைவிக்காகச் சாட்சி சொன்னாள். அதுவும் இந்த இடத்தில்.

"சரி" என்றார் டாக்டர். "ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு தெரிய மூணு நாள் ஆகும். அதுவரை உங்க வாய்வார்த்தைதான் எனக்கு. முழு அளவு போகுதுன்னு வச்சுக்கிட்டு, காவலை முழிக்க வைக்க இன்னிக்கே அதைப் பாதியாக் குறைக்கிறேன். காலையில அரை, சாயங்காலம் அரை." பேனாவைத் திறந்தார்.

பாதியில் பாதி.

இக்ராமுக்குக் கணக்கு உடனே விளங்கிற்று. இனி அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மாலை அரை மாத்திரையும் டப்பாவுக்குப் போனால், அந்தக் கிட்னி ஒரு வாரத்தில் போய்விடும். டாக்டர் எழுதிக் கொடுத்தே போகும். ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. நாளைக்கு அதிய்யாத் கதவைத் தட்டினால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

நாக்கில் இனித்தது. நிஜமாகவே இனித்தது.

ராகிப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப் போய், உதட்டோரத்தில் விளக்கொளியில் காய்ந்த எச்சிலோடு, ஒன்றும் கேட்காமல். அந்த முகத்தை அவள் அப்புறம் பல வருடம் சுமந்தாள்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க" என்றாள். "அப்லா, நீங்க கொஞ்சம் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"என் கிட்னி இருக்கிற இடத்துல நான் இருப்பேன்."

"போங்கன்னா போங்களேன்!"

"மாட்டேன்."

"அப்ப இருந்து கேளுங்க!"

இக்ராம் கைப்பையைத் திறந்தாள். டப்பா மூடி இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள். மேசைமேல் கவிழ்த்தாள். வெள்ளை மாத்திரைகள் கோப்பின்மேல் விழுந்து உருண்டன. ஒன்று தரையில் விழுந்து அதிய்யாத்தின் செருப்போரம் போய் நின்றது.

"இருபத்திரண்டு" என்றாள். "சாயங்கால மாத்திரை. நான்தான் எடுத்தேன். இந்தப் பொம்பளையோட துண்டு அவர் உடம்பை விட்டுப் போகட்டும்னு எடுத்தேன். அவர் செத்துப்போகணும்னு இல்ல. அது சாகணும்னு."

டாக்டர் பேனாவை மூடினார். கத்தவில்லை. "இன்னும் பத்து நாள் இப்படியே போயிருந்தா, அதுவும் போயிருக்கும், அவரும் போயிருப்பார். புள்ளி சுருங்கினதுக்கும் நீங்கதான் காரணம். நான் செய்ய இருந்ததுல பாதியை நீங்க செஞ்சிருக்கீங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு. இதுக்கு உங்களைப் பாராட்டணுமா, போலீஸைக் கூப்பிடணுமா, எனக்குத் தெரியல."

அதிய்யாத் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு வாய் திறந்தது. "கொலைகாரி! என் தம்பியை... ராகிப், பாத்தியாடா? உனக்குத் தெரியாம, உன் வீட்டுலயே..."

"எனக்குத் தெரியும்" என்றான் ராகிப்.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"சாயங்காலம் கையில நாலு மாத்திரை வரும். மூணு வந்துச்சு. மீனை ஒரு பார்வையில எண்ணுறவனுக்கு மூணும் நாலும் தெரியாதா?" குரல் கரகரத்தது. "முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன்டா கேட்கல?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"மூணு வருஷம் அக்கா. நான் எப்படி இருக்கேன்னு நீ ஒரு தடவை கேட்டிருக்கியா? கதவைத் தட்டினா, யார் வந்தாலும் என்னைப் பாக்க வரலன்னு தோணும். உள்ள இருக்கிறது என்னுதா, நான் அதுக்குச் சொந்தமான்னே தெரியல. போனாப் போகட்டுமேன்னு இருந்துச்சு. அந்த மூணை மட்டும் முழுங்கிட்டேன்."

இக்ராம் பதறிவிட்டாள். தன் பழி தனக்கு மட்டும் சொந்தம் என்றல்லவா நினைத்திருந்தாள்?

அதிய்யாத் மறுபடி உட்காரவில்லை. குனிந்து, செருப்போரம் கிடந்த மாத்திரையை எடுத்து, முக்காட்டு நுனியால் துடைத்து, டாக்டரின் மேசைமேல் வைத்தாள். வெளியே போய்த் திறந்த கதவுக்கு அப்பால், காதில் விழும் தூரத்தில் நின்றாள்.

"இந்த அறையில அந்தக் கிட்னி மேல இரக்கம் உள்ளவ நான் ஒருத்திதான் போல" என்றார் டாக்டர். புது சீட்டில் எழுதத் தொடங்கினார். "வெள்ளை காலையில மட்டும், ஒரு வாரத்துக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு இந்தப் புது மாத்திரை. கிட்னியையும் காப்பாத்தும், புள்ளி வளரவும் விடாதுன்னு எதிர்பார்க்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த செவ்வாய் ரத்தம் பார்ப்போம். ஒரு வேளை தவறினாலும் என்கிட்ட வராதீங்க, எனக்கு மந்திரம் தெரியாது."

* * *

திரும்பும்போது அதிய்யாத் டிரைவர் பக்கத்து சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் சந்து வந்ததும் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இக்ராம் சோறு வடித்தாள். ராகிப் ஜன்னலோரம் சாய்ந்து கிடந்தான். பேசின் கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

"ஏன் என்கிட்டகூடச் சொல்லல?" என்றாள்.

"உனக்கு அது ஒரு ஆறுதலா இருந்துச்சு, இக்ராம். பிடுங்க மனசில்ல."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீழே முதல் அடி விழுந்தது.

டங்!

அது அதிய்யாத்தின் பேசின் என்று இக்ராமுக்குச் சொல்ல ஆள் தேவையில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மேல்மாடிப் பெண் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

டங்! டங்!

"தம்பி வீட்டு அடுப்புக்குத் தாலாட்டுப் பாட வந்தவளே! அக்கா குடுத்த உசுருக்கு ஆணி அடிச்ச சண்டாளி! ஊர்ப் பிள்ளைங்களா, ஓடி வாங்க! மாத்திரை திருடியைப் பாருங்க! மருந்து டப்பாவுல மண்ணள்ளிப் போட்ட மகராசியைப் பாருங்க!"

இரண்டாவது வரியில் தாளம் நழுவுகிறது என்று இக்ராம் தன்னையறியாமல் நினைத்தாள். இவளுக்கு எப்போதும் மூச்சு பத்தாது. ஒரு கிட்னிக்காரி.

"ராகிப்! டேய் ராகிப்! உனக்கு வேணாம்னா திருப்பிக் குடுத்துடு! என் கிட்னியை எனக்குத் திருப்பிக் குடுடா!"

சந்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள்.

ராகிப் எழுந்தான். "நான் இறங்கறேன்."

"மணி ஏழு" என்றாள் இக்ராம். "முதல்ல இது."

புது மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று விழுங்கு தண்ணீர். அவன் விழுங்கினான். பிறகு, அவள் கேட்காமலே, வாயை அகலத் திறந்து காட்டினான். நாக்கு வெறுமை. மேலே அந்தப் புள்ளி, காய்ந்த ரோஜா நிறத்தில்.

"நீங்க இருங்க. எனக்கு வந்த கச்சேரி இது."

கதவுக்குப் பின்னால் பேசின் இருந்தது. மூன்று வாரத்து வரிகள் தொண்டையில் இருந்தன. அவள் பேசினைத் தொடவில்லை. வெறுங்கையோடு இரண்டு மாடி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு டங் விழுந்தது.

தெருக்கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

அதிய்யாத் ஒரு கையில் பேசினோடு, மறு கையை இடுப்புக்கு மேலே, அந்த வெட்டுத் தழும்பின்மேல் அழுத்தியபடி நின்றாள். முக்காடு சரிந்து கிடந்தது. சுற்றிலும் அரைவட்டமாகச் சனம். இக்ராம் அவளுக்கு ஒரு முழம் எதிரே போய் நின்றாள். அடிக்கப்போகிறாளா, காலில் விழப்போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

அதிய்யாத் முன்னால் குனிந்தாள். மற்றவர் காதில் விழாத குரலில் கேட்டாள்:

"ஏழு மணி மாத்திரை போட்டானா?"

"இப்பத்தான். என் கண்ணு முன்னாடி."

"வாயைத் திறந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி" என்றாள் அதிய்யாத். நிமிர்ந்தாள். முக்காட்டை இழுத்து இறுக்கிக் கட்டினாள். பேசினைத் திரும்பவும் தலைக்கு மேல் தூக்கினாள்.

டங்!